ஆசன நூல்களும் அவை தரும் வாக்குறுதிகளும்

யோகாசனத்தைப் பற்றி இந்நாளில் தமிழில் அச்சாகி வரும் நூல்களை ஒருங்கே வைத்துப் பார்ப்போமாயின், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாகவே காணப்படும். பக்கத்தின் மேற்பாதியில் ஒரு படம். அதன் கீழே ஆசனத்தின் பெயர். அதன் கீழே 'செய்யும் முறை'. அதற்கும் கீழே 'பலன்கள்'. செய்யும் முறை நான்கு வரியில் முடிந்துவிடும். பலன்களோ பத்து வரி, பன்னிரண்டு வரி என்று நீளும். மலச்சிக்கல் தீரும், நீரிழிவு நீங்கும், முதுகுவலி போகும் என்று தொடங்கி, மனம் அமைதியுறும், கவலை அகலும், ஞாபக சக்தி பெருகும், மாணாக்கர்க்குப் பரீட்சையில் தேர்ச்சி கிட்டும் என்பது வரையில் சென்றுதான் நிற்கும். உடலைப் பற்றிய வாக்குறுதிகளை வைத்தியர்கள் ஆராய்வார்களாக. உள்ளத்தைப் பற்றிய வாக்குறுதிகளே ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியவை. கையையும் காலையும் ஒரு வகையில் மடக்கி வைத்தால் மனத்தின் நிலை மாறுமா? சிதறியோடும் கவனம் ஒருமுகப்படுமா? மாறுமெனின் எவ்வளவு மாறும்? இவற்றை நூலாசிரியர்கள் எவ்வாறு சொல்லுகின்றனர், அவர்கள் சொல்லும் முறை நம்பத்தக்கதா என்பதே கேள்வி.

இது பொழுதுபோக்குக்காக எழுப்பும் கேள்வியன்று. 2014-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ந் தேதியை யோக தினமென்று தீர்மானித்து, மறுவருஷம் முதல் அது உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருவதை நேயர்கள் அறிவார்கள். பட்டணங்களில் வகுப்புகள் பெருகிவிட்டன. கட்டணமும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. தோட்டங்களிலோ நிலைமை வேறு. மனச்சோர்வும் ஒரு நோய், அதற்கும் வைத்தியம் உண்டு என்பதை அறியாதார் நம்முள் இன்னும் பலர். உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, பெரட்டுக்குப் போகவும் மனமின்றி மாதக்கணக்காய்க் கிடக்கும் ஒருத்திக்கு முன்னெல்லாம் 'கோவிலுக்குப் போ' என்றும், 'மந்திரித்துக் கயிறு கட்டு' என்றும் புத்தி சொன்னார்கள். இப்பொழுது 'யோகா செய், சரியாய்ப் போகும்' என்பதும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. சொல்லுகிறவர் கையில் முற்கூறிய புத்தகங்களுள் ஒன்று இருக்கும். ஆகவே அப்புத்தகத்தின் 'பலன்கள்' என்ற பகுதி ஓர் உயிரின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அப்பொறுப்பைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டா என்று பார்ப்பது விமர்சகன் கடமை.

முதலில் பழைய நூல்களைப் பார்ப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஏறக்குறைய 195 சூத்திரங்கள் கொண்டது. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றே மூன்று. அவற்றிலும் இன்ன ஆசனம், இன்ன பெயர் என்ற பேச்சே இல்லை. இருக்கை அசையாததாகவும், அதே சமயம் துன்பம் தராததாகவும் இருத்தல் வேண்டும். முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும். அங்ஙனம் ஆயின் தட்பவெப்பம் முதலிய இரட்டைகள் தாக்கா என்ற அளவில் அவர் நின்றுவிடுகிறார். உள்ளத்தை அடக்குதலையே நூலின் நோக்கமாகக் கொண்ட ஆசிரியர், உடம்பின் நிலைக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவே. நம் திருமூலரும் அவ்வாறே. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் யோகத்தின் எட்டு உறுப்புக்களையும் விரித்துரைக்கின்றது. அதில் ஆசனத்துக்கு உரிய பாடல்கள் கைவிரல்களில் எண்ணி முடிப்பவை. மூச்சைப் பற்றியவை அவற்றினும் மிகுதி. அந்நாளைய ஆசிரியர்க்கு இருக்கை என்பது வாசற்படி. வீடு உள்ளே இருந்தது.

இதற்கு நெடுங்காலம் பின்னர், சற்றேறக்குறைய பதினைந்தாம் நூற்றாண்டில், சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையில்தான் ஆசனங்கள் முன்வரிசைக்கு வருகின்றன. பதினைந்து ஆசனங்கள் அதிற் கூறப்படுகின்றன. அவற்றோடு வாக்குறுதிகளும் வந்துவிடுகின்றன. பதுமாசனம் சகல வியாதிகளையும் போக்குமென்கிறார். மயூராசனம் விஷத்தையும் செரிப்பிக்குமென்கிறார். இவற்றைப் படிக்குங்கால் நமக்கு நகைப்பு உண்டாவது இயல்பே. ஆயினும் அதே நூலில், சவாசனத்தைப் பற்றிக் கூறுமிடத்து, அது களைப்பை நீக்கும், உள்ளத்துக்கு ஓய்வு தரும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். பிணம்போல் மல்லாந்து கிடத்தலைத் தவிர வேறொன்றும் செய்யாத அந்நிலைக்கு அவர் சொன்ன பலன்தான் அந்நூலின் வாக்குறுதிகள் எல்லாவற்றிலும் நம்பத்தக்கதாய் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளைஞன், கிழவன், நோயாளி, வலியற்றவன் யாவரும் பயிற்சியால் சித்தி பெறலாமென்றும், வேடம் புனைவதாலும் வாயாற் பேசுவதாலும் அது வாராதென்றும் அவர் அடித்துச் சொல்லுகிறார். சாதியும் குலமும் பேசி அறிவைப் பூட்டி வைத்த நாட்டில் இது சாதாரணப் பேச்சன்று. அதே ஆசிரியர் இவ்வித்தையை மறைத்துக் காக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பது வேறு விஷயம். எல்லார்க்கும் உரியதாயின் மறைப்பது எதற்காக என்று அவரைக் கேட்பார் அக்காலத்தில் இல்லை போலும்!

நிற்க. இக்காலத்து ஆசன நூல்களுக்கு நேரான தாய் இந்தப் பழைய ஏடுகள் அல்ல. 1924-ம் வருஷத்தில் குவலயானந்தர் என்பார் பம்பாய் மாகாணத்து லோணாவ்லாவில் கைவல்யதாமம் என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தி, எக்ஸ்ரே கருவியையும் இரத்த அழுத்தக் கருவியையும் வைத்துக்கொண்டு யோகப் பயிற்சிகளைச் சோதிக்கத் தொடங்கினார். தாம் கண்டவற்றை 'யோக மீமாம்சை' என்ற பத்திரிகையில் வெளியிட்டார். 1933-ம் வருஷத்தில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் தலைமையில் யோகசாலை நடந்தது. இன்று உலகெங்கும் பயிலப்படும் ஆசன முறைகளுள் பல அங்கிருந்து கிளைத்தவை. இவை தோன்றிய காலம், தேகப் பயிற்சி என்பது மேனாடுகளிலும் இந்தியாவிலும் பெருமோகமாய் இருந்த காலம். நாம் இன்று பயிலும் நின்ற நிலை ஆசனங்கள் பலவற்றுக்கு இத்தேகப் பயிற்சி இயக்கத்தோடு நெருங்கிய உறவு உண்டென்று மார்க் சிங்கிள்டன் என்ற ஆராய்ச்சியாளர் 2010-ல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். பழமையே பெருமை என்று எண்ணுவோர் இதனைக் கேட்டுச் சினங்கொண்டனர். யான் அதில் இழிவொன்றும் காணேன். நேற்றுப் பிறந்த நல்ல பழக்கமும் நல்ல பழக்கமே. ஐயாயிரம் வருஷத்துப் பழமை என்று சொல்லி ஒரு பலனை விற்க வருகிறவரிடந்தான் நாம் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்.

இவ்வரலாற்றில் நம் நாட்டோடு நேர்த்தொடர்புடையார் ஒருவர் உளர். பத்தமடையில் 1887-ம் வருஷம் பிறந்து, வைத்தியம் பயின்று, 1913-ல் மலாயாவுக்கு வந்து, சிரம்பானுக்கு அருகே தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பின்னர் ஜோகூரிலும் வைத்தியராய்ப் பணிசெய்தவர் டாக்டர் குப்புசாமி. 1923-ல் இத்தொழிலை விட்டு இந்தியாவுக்குப் போய், மறுவருஷம் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, சிவானந்தர் என்று உலகறியும் பெயர் பெற்றார். நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டத் தொழிலாளரின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை, பிற்காலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிற்று என்பதை நம்மவர் பலர் அறியார். அவர் எழுத்தின் சிறப்பு யாதெனின், மறைபொருள் என்று எதையும் மூடி வைக்காமை. எளிய ஆங்கிலம், சிறு வாக்கியங்கள், இதைச் செய், இதை விடு என்ற தெளிவு, நாள்தோறும் சிறிதேனும் தவறாது செய்தலே முக்கியம் என்ற வற்புறுத்தல். குடும்பம் நடத்துவோனும் கூலி வேலை செய்வோனும் கைக்கொள்ளத்தக்க முறையில் அவர் எழுதினார். குறை யாதெனின், ஆசனங்களின் பலனைச் சொல்லப் புகும்போது அவருள் இருந்த வைத்தியர் ஒதுங்கிக்கொள்ள, பக்தர் பேசத் தொடங்கிவிடுகிறார். மருந்துக்கு அளவு சொல்லும் தொழிலில் பழகியவர், ஆசனத்துக்கு அளவு சொல்லவில்லை. எத்தனை பேர்க்குப் பலித்தது, எத்தனை பேர்க்குப் பலிக்கவில்லை என்ற கணக்கு அங்கே இல்லை.

1966-ல் பி. கே. எஸ். ஐயங்கார் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'யோகத்தின் மீது ஒளி' என்னும் பொருளுடைய பெருநூலிலும் இதே நிலைதான். உடம்பின் ஒவ்வோர் எலும்பும் எங்கே நிற்க வேண்டுமென்பதை அவரைப்போல் நுட்பமாக எழுதினார் எவருமில்லை. அப்பகுதிகளைப் படிக்கும்போது ஒரு நல்ல தச்சன் தன் தொழிலை விளக்குவதைக் கேட்பதுபோன்ற மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் ஒவ்வோர் ஆசனத்தின் கீழும் பலன்; நூலின் கடைசியிலோ வியாதிகளின் பெயரும் அவற்றுக்குரிய ஆசனங்களின் பெயரும் அட்டவணையாக வருகின்றன. செய்முறையில் அவர் காட்டிய நுட்பத்தில் காற்பங்கேனும் பலன்களைக் கூறுவதிற் காட்டியிருப்பின், அது இந்நூற்றாண்டுக்கும் உரிய நூலாய் நின்றிருக்கும். நம் தமிழ்ப் புத்தகங்கள் அவர் செய்முறையைச் சுருக்கிவிட்டு, அவர் அட்டவணையைப் பெருக்கிக்கொண்டன.

ஓர் உதாரணம் காட்டுவேன். சிரசாசனம் ஆசனங்களுக்கெல்லாம் அரசன் என்பது வழக்கு. தலைகீழாய் நின்றால் மூளைக்கு இரத்தம் மிகுதியாய்ப் பாயும், ஆகவே அறிவும் ஞாபகமும் கூர்மையடையும் என்று ஏறக்குறைய எல்லா நூல்களும் எழுதுகின்றன. கேட்பதற்குப் பொருத்தமாய்த்தான் இருக்கிறது. வாய்க்காலை வெட்டினால் வயலுக்கு நீர் பாய்வதில்லையா? ஆனால் மூளை வயலன்று. தனக்கு வரும் இரத்தத்தின் அளவைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஏற்பாடு அதன் இரத்தக் குழாய்களுக்கு உண்டு. நிற்பினும் கிடப்பினும் பாய்ச்சல் பெரிதும் மாறாதபடி அவை சுருங்கியும் விரிந்தும் காத்துக்கொள்கின்றன. ஏறுவது வேறொன்று. சென்னை சங்கர நேத்ராலயக் கண் வைத்தியர்கள், யோகம் பயிலும் 75 பேரைச் சோதித்து, 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறதென்று கண்டனர். கண்ணழுத்த நோய் உள்ளவன் அறிவு வளரும் என்று நம்பித் தலைகீழாய் நிற்பானாகில் அவனுக்கு நேரக்கூடியது என்ன என்பதை யான் விரிக்க வேண்டுவதில்லை. இவ்வெச்சரிக்கையைப் 'பலன்கள்' என்ற தலைப்பின்கீழ்க் காண முடியாது.

இவ்வளவும் கேட்ட ஆங்கிலம் கற்ற அன்பர் ஒருவர், 'பழைய நூல்களை விடும். விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது, அதனைக் கூறும்' என்பார். நன்று. ஆனால் விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தலை வணங்குவதும், மந்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தலை வணங்குவதும் ஒரே கழுத்தின் வளைவுதான். ஆராய்ச்சிக் கட்டுரையும் மனிதர் எழுதிய எழுத்தே. அதற்கும் விமர்சனம் வேண்டும்.

2010-ல் அமெரிக்காவில் டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். யோகாசனத்தைப் பற்றியதன்று அது. எனினும் நம் கேள்விக்கு மிக நெருங்கியது. 42 பேரைச் சேர்த்து, சிலரைக் கைகால்களை அகல விரித்து அதிகாரமாய் அமரவும் நிற்கவும் செய்தனர். மற்றவரைக் கூனிக் குறுகியிருக்கச் செய்தனர். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிமிஷமாக இரண்டு நிமிஷந்தான். அதற்குள் அகல விரிந்தோரின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் சுரப்பு ஏறிற்றென்றும், கவலையோடு தொடர்புடைய கார்ட்டிசோல் இறங்கிற்றென்றும், அவர்கள் துணிவு மிகுந்தவராயினரென்றும் எழுதினர். 2012-ல் அவர்களுள் ஒருவர் மேடையேறிப் பேசிய பேச்சைக் கோடிக்கணக்கானவர் கேட்டனர். உத்தியோகப் பேட்டிக்குப் போகுமுன் இடுப்பிற் கைவைத்து நிற்கும்படி எத்தனையோ பேர்க்கு உபதேசம் நடந்தது. 2015-ல் ஈவா ரானெஹில் முதலியோர் 200 பேரைக் கொண்டு அதையே மறுபடியும் செய்து பார்த்தனர். சுரப்புக்கள் மாறவில்லை, நடத்தையில் துணிவும் ஏறவில்லை. 'எனக்குச் சற்றுப் பலம் வந்ததுபோல் இருக்கிறது' என்று வாயாற் சொன்னது மட்டுமே மிஞ்சிற்று. மறுவருஷம் முதற்கட்டுரையின் முதல் ஆசிரியராகிய கார்னி அம்மையாரே, அவ்விளைவு மெய்யென்று தாம் இனி நம்பவில்லை என்று பகிரங்கமாக எழுதினார். தம் பெயரை உலகறியச் செய்த ஆராய்ச்சியைத் தாமே மறுத்த அவ்வம்மையாரின் நேர்மை பாராட்டத்தக்கது. மயூராசனத்துக்கு விஷம் செரிக்கும் என்றெழுதிய காலத்தில் மறுபடி செய்து பார்க்கும் வழக்கம் இல்லை, இன்று உண்டு. பழைய நூலுக்கும் புதிய நூலுக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே என்று யான் எண்ணுகிறேன்.

இனி, யோகாசனத்தையே நேராகச் சோதித்தவற்றுள் சிலவற்றைக் காண்போம். போஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்ட்ரீட்டர் முதலியோர் 2007-ல், பயிற்சியுள்ள எட்டுப் பேரை ஒரு மணி நேரம் ஆசனம் செய்யச் சொல்லி, வேறு பதினொருவரை ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டிருக்கச் சொல்லி, இரு சாராரின் மூளையிலும் 'காபா' என்னும் பொருளை அளந்தனர். நரம்புகளின் கொந்தளிப்பை அடக்கும் பொருள் அது. மனச்சோர்விலும் கவலை நோயிலும் அது குறைந்திருப்பதாகக் கருதுவர். ஆசனம் செய்தாரிடம் அது 27 சதவிகிதம் உயர்ந்தது; வாசித்தாரிடம் உயரவில்லை. இச்செய்தியைத்தான் நம் புத்தகங்கள் 'விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று கொட்டையெழுத்தில் அச்சிடுகின்றன. எட்டுப் பேர் என்பதை மட்டும் அச்சிடுவதில்லை. மேலும், வாசித்தல் என்பது அசையாத வேலை. உடம்பை அசைத்ததனால் உயர்ந்ததா, ஆசனத்தால் உயர்ந்ததா? இக்கேள்வியை அவ்வாராய்ச்சியாளரே உணர்ந்து, 2010-ல் ஆசனம் செய்வோரை நடைப்பயிற்சி செய்வோரோடு பன்னிரண்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தனர். அப்பொழுதும் ஆசனம் செய்தார்க்கு மனநிலையில் திருத்தமும் கவலைக் குறைவும் மிகுதியாய்க் காணப்பட்டன. முதற்கட்டுரையினும் இது வலிமை மிக்கது. மேற்கோள் காட்டுவோர் எடுத்துக்கொண்டதோ முதற்கட்டுரையை!

கவனத்தைப் பற்றி இல்லினாய் சர்வகலாசாலையில் நேகா கோத்தே முதலியோர் செய்து 2013-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முப்பது கல்லூரி மாணவிகள். ஒரு நாள் இருபது நிமிஷம் ஆசனமும் மூச்சும் தியானமும்; வேறொரு நாள் இருபது நிமிஷம் ஓட்டம்; ஒவ்வொன்றின் பின்னரும் கவனத்தையும் ஞாபகத்தையும் அளக்கும் கணக்குகள். கவனத்தைக் கலைப்பவற்றை ஒதுக்கிவிட்டு வேண்டியதைப் பற்றுவதில், ஆசனத்துக்குப் பின்னர் அவர்கள் விரைவாகவும் பிழை குறைந்தும் செய்தனர். ஓட்டத்துக்குப் பின்னர் அத்தகைய ஏற்றம் இல்லை. ஒரே நாளில் உண்டான பலன் இது. அன்றைக்கு மட்டும் உண்டான பலனாகவும் இருக்கலாம். 'பரீட்சையில் தேர்ச்சி' என்பதற்கும் இதற்கும் நெடுந்தூரம்.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுவோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. பெயர் இருந்தால் போதாது. ஆள் பெரட்டில் நின்றானா, எந்த நிரையில் வேலை செய்தான், எவ்வளவு இறக்கினான் என்று கேட்டே பேர் போடுவோம். ஆசனத்துக்கும் அவ்வாறே கேட்க வேண்டும். மனம் தெளிந்தது என்கிறீரே, எதனோடு ஒப்பிட்டுத் தெளிந்தது? சும்மா இருந்தாரோடா, நடந்தாரோடா, மருந்து உண்டாரோடா? எத்தனை பேர், எத்தனை நாள்? இவ்வொரு கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டால் புத்தகங்களில் பாதி தாமே உதிர்ந்துவிடும். இதனோடு இன்னொரு இடையூறும் உண்டு. மருந்தைச் சோதிக்கும்போது ஒரு சாரார்க்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம்; தாம் ஆசனம் செய்வதை அறியாமல் ஒருவரை ஆசனம் செய்விக்க முடியாது. ஆதலின் நம்பிக்கையால் வந்த பலன் எவ்வளவு, ஆசனத்தால் வந்த பலன் எவ்வளவு என்று முற்றும் பிரித்தறிதல் எக்காலத்தும் கடினமே.

அங்ஙனமாயின் ஆசனம் மனத்தை மாற்றும் என்பதே பொய்யா? பொய்யன்று. மாற்றும் வழிகள் ஓரளவு தெரிந்தவை. அவை மாயமானவையும் அல்ல. முதலாவது, மூச்சு. ஆசனத்தில் நிலைத்திருப்போனுடைய மூச்சு நீளுகிறது. வெளிவிடும் மூச்சு மெதுவாகிறது. மூச்சு மெதுவானால், இதயத்தின் துடிப்பை அடக்கும் நரம்பின் வேலை மிகுந்து, உடம்பு பதற்றத்தினின்று இறங்குகிறது. இதுபற்றி 2001-ல் பெர்னார்டி முதலிய இத்தாலிய வைத்தியர்கள் செய்த சோதனை சுவையானது. 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலையும், திபெத்தியர் ஓதும் மந்திரமும் சொல்லச் செய்து பார்த்தனர். இரண்டும் மூச்சை நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாக்கின. இரண்டிலும் இதயமும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் இசைந்தன. எம்மதம் உயர்ந்ததென்று வாதிடுவோர் இச்சோதனையைப் படித்தல் நலம். நுரையீரல் மதம் பார்ப்பதில்லை.

இரண்டாவது, கவனத்துக்கு உடனே கிடைக்கும் விடை. விருட்சாசனத்தை எடுத்துக்கொள்க. ஒற்றைக் காலில் நின்று, மற்றைப் பாதத்தைத் தொடைமேல் வைத்து, எதிரே ஒரு புள்ளியைப் பார்க்கிறோம். கண், உட்செவி, தசைகளிலுள்ள உணர்வு ஆகிய மூன்றின் செய்திகளையும் கூட்டியே உடம்பு நிமிர்ந்து நிற்கிறது. கண்ணை மூடினால் உடனே தள்ளாடுவதை நேயர்கள் வீட்டிலேயே செய்து காணலாம். சுவரோரம் நின்று செய்க. மனம் வீட்டுக் கடனை எண்ணத் தொடங்கினால் கணுக்கால் ஆடுகிறது. மீண்டும் காலுக்கு வந்தால் ஆட்டம் நிற்கிறது. புத்தகம் வாசிக்கையில் கவனம் சிதறினால் பத்துப் பக்கம் தாண்டித்தான் தெரியும். இங்கே இரண்டு விநாடியில் தெரிந்துவிடுகிறது. யான் சில வருஷங்களாக வேலைக்குப் போகுமுன் கால்மணி நேரம் இவற்றைச் செய்து வருகிறேன். கவலை ஒழிந்ததென்று சொல்லமாட்டேன். கவலை வந்ததைச் சற்று முன்னதாகவே அறிந்துகொள்கிறேன் என்று மட்டும் சொல்லுவேன்.

'நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற உடம்புக்கு ஆசனம் எதற்கு?' என்று தோட்டத்தில் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. செம்பனைக் குலை வெட்டுவோன் நீண்ட கழியில் பூட்டிய அரிவாளைத் தூக்கிக் கழுத்தை அண்ணாந்தே நிற்கிறான். பால் வெட்டுவோர் மரத்துக்கு மரம் வளைந்தார்கள், இன்னும் சிலவிடங்களில் வளைகிறார்கள். அவ்வளைவுகளும் உடம்பின் நிலைகளே. ஆயினும் அங்கே கவனம் குலையின்மேலும் கத்தியின்மேலும் இருக்கிறது. இருக்கவும் வேண்டும், இல்லையேல் உயிருக்கு ஆபத்து. நிலையை எவ்வளவு நேரம் தாங்குவது என்பதை வேலை தீர்மானிக்கிறது, உடம்பு தீர்மானிப்பதில்லை. ஆசனத்தில் கவனம் உள்ளே திரும்புகிறது, வலித்தால் விடலாம். வலித்தால் விடலாம் என்ற அந்த உரிமைதான், யான் கருதுமளவில், உழைப்பாளிக்கு ஆசனம் தருவதில் பெரும்பகுதி. அதனால் ஓய்வு நேரமும் கூலி உயர்வும் கேட்க வேண்டிய இடத்தில், முதலாளிமார் யோக வகுப்பு வைத்துக் கொடுத்துவிட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வதற்கு யாரும் இடங்கொடுத்தல் கூடாது.

உடம்பின் நிலை உள்ளத்தை மாற்றத் துணைசெய்யும். ஆனால் உடம்பின் நிலையே உள்ளத்தின் நிலை ஆகிவிடாது. இதனைக் கல்லில் எழுதிவைத்த பெருமை தமிழ்நாட்டுச் சிற்பிக்கு உண்டு. மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், எலும்பு தெரிய மெலிந்த தவசி ஒருவர் ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறார். அவருக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே ஒரு பூனை, பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தூக்கி, அதே நிலையில் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள்! ஏழாம் நூற்றாண்டிலேயே இந்நகையைச் செதுக்கிய சமூகம், ஆசனப் படத்தைக் கண்டவுடன் கைகூப்பும் சமூகமாக மாறியது எங்ஙனம்? வள்ளுவர் தவத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அடுத்த அதிகாரத்தையே கூடாவொழுக்கத்துக்கு வகுத்தார். பூனையையும் தவசியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அக்கண் இன்றைய ஆசன நூல்களில் ஒன்றுக்கேனும் இருப்பதாகத் தெரியவில்லை.

மனநோய்க்கு வருவோம். 2017-ல் உபெலேக்கர் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி, மருந்து உண்டும் சோர்வு முற்றும் நீங்காத 122 பேரைப் பற்றியது. ஒரு சாரார்க்கு ஆசன வகுப்பு. மற்றொரு சாரார்க்கு உடல்நலப் பாட வகுப்பு. பத்து வாரத்தின் முடிவில் இரு சாரார்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை; பிந்திய மாதங்களில் ஆசனம் செய்தார் சற்று மேலான நிலையில் இருந்தனர். 2020-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஓயாக் கவலை நோயுள்ள 226 பேரை மூன்று பிரிவாக்கிப் பன்னிரண்டு வாரம் பார்த்தது. குண்டலினி யோகம் பயின்றாருள் 54 சதவிகிதத்தார்க்கும், எண்ணங்களைத் திருத்தும் மன வைத்தியம் பெற்றாருள் 71 சதவிகிதத்தார்க்கும், வெறும் பாடம் மட்டும் கேட்டாருள் 33 சதவிகிதத்தார்க்கும் திருத்தம் உண்டாயிற்று. யோகம் சும்மாயிருத்தலை வென்றது, வைத்தியத்தை எட்டவில்லை. இவ்விரண்டு வாக்கியங்களையும் சேர்த்து அச்சிட்ட ஆசன நூலை யான் தமிழில் இன்னும் காணவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் அச்சிடுவது வியாபாரம். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு 'எல்லாம் மோசடி' என்பது பகுத்தறிவின் பெயரால் செய்யும் சோம்பல்.

மாதக்கணக்காய்ச் சோர்ந்து கிடக்கும் பெண்ணை முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்க. வைத்தியர் மருந்து கொடுப்பாராயின் அதனை நிறுத்தாமல், அவர் இசைவோடு ஆசனமும் செய்யட்டும். இவ்வளவையும் சொல்லும் நூலுக்கு முந்நூறு பக்கம் வேண்டுவதில்லை. நாற்பது பக்கம் போதும். பத்து ஆசனங்கள், ஒவ்வொன்றும் யார் செய்யலாகாது என்பது முதல் வரியில், பலன் என்னுமிடத்தில், சோதித்து அறிந்தது எது, சொல்லக் கேட்டது எது என்ற பிரிவு, உறக்கமின்மையும் உயிர்வெறுப்பும் தோன்றினால் எங்கே செல்ல வேண்டும் என்பது தடித்த எழுத்தில். படங்களில் உள்ளவர் பளபளக்கும் மண்டபத்திலன்றி, நம் வீட்டுச் சிமெந்துத் தரையில் பாய் விரித்து அமர்ந்திருப்பாராயின் இன்னும் நன்று.